பெயரும் குடிபெயர்வும்: ரொமானி மக்களின் முன்னோரைத் தேடும் முறை

பெங்களூர் நகரின் தென்புறத்தே, பன்னேர்கட்டாக் காட்டை அடுத்து, ஹக்கிப்பிக்கி மக்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மைசூர்ச் சாலையில் பிடதிக்கு அருகிலுள்ள பத்ராபுரத்திலும் அவர்கள் வாழ்கின்றனர். கன்னடத்தில் ‘ஹக்கி’ என்பது பறவையைக் குறிக்கும். பறவை பிடித்து விற்றமையால் அண்டை ஊரார் இட்ட பெயர் அது. தமிழ்நாட்டில் குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் வழங்கப்படுவோர் மொழியால் இவர்களுக்கு உறவினர். தம்முள் இவர்கள் பேசுவது கன்னடமும் அன்று, தமிழும் அன்று, தெலுங்கும் அன்று. குஜராத்தியோடு நெருங்கிய தொடர்புடைய வாக்ரிபோலி என்னும் மொழியாகும். நகரின் கட்டட வேலைகளுக்கு வட கர்நாடகத்தினின்று வரும் லம்பாணி மக்களின் பேச்சோ ராஜஸ்தானி மொழிகளைச் சார்ந்தது.

இவ்விரு சாராரைப் பற்றியும் ஒரு கருத்து நெடுங்காலமாக உலவி வருகிறது. ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என வழங்கப்படும் ரொமானி மக்கள் இவர்களின் கிளையினரே என்பது அக்கருத்து. நாடோடி வாழ்க்கை, மகளிரின் வண்ண ஆடை, கூடார வாசம் ஆகியவற்றின் ஒப்புமையே இதற்குப் பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆடையும் கூடாரமும் தொழிலைப் பொறுத்து அமைவன; முன்னோரைப் பொறுத்து அமைவன அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தின் மூலத்தை அறிய மொழி, பெயர், பதிவேடு, குருதிவழிக் கூறுகள் என நான்கு வகைச் சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் எதுவரை பேசும், எங்கே வாய் மூடும் என்பதை அறிந்துகொண்டாலன்றி, களப்பணியில் ஈடுபடுவோர் வதந்தியை ஆவணமாக்கி விடக்கூடும்.

பிறர் இட்ட பெயர்கள்

ஐரோப்பாவில் இம்மக்களின் வருகை 14, 15-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் காணப்படுகிறது. இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியாகிய வலாக்கியாவில் 1385-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று, மடாலயம் ஒன்றுக்கு உரிய 40 குடும்பங்களை அடிமைகளாகக் கணக்கிடுகிறது. 1417-இல் ஜெர்மானிய நகரங்களிலும் 1427-இல் பாரிசிலும் இவர்கள் வந்தமை குறிக்கப்பட்டுள்ளது. தாம் ‘சிறிய எகிப்து’ நாட்டிலிருந்து புனித யாத்திரையாக வருவோர் என்று இவர்கள் கூறிக்கொண்டனர். அக்காலத்தில் யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் அளிப்பது கிறித்தவ நகரங்களின் கடமை. ஆதலின் அக்கூற்றில் ஒரு பயன் இருந்தது. எகிப்தியர் என்பதன் திரிபே ஜிப்ஸி. ஸ்பெயினில் வழங்கும் ‘கிதானோ’வும் அவ்வழி வந்ததே. ஜெர்மனியின் ‘சிகாய்னர்’, பிரான்சின் ‘சிகான்’ ஆகியவை வேறொரு பிழையின் வழி வந்தவை. பைசாந்தியப் பேரரசில் ‘அதிங்கனோய்’ என்னும் பெயர் கொண்டிருந்த சமயப் பிரிவினரோடு இவர்களை மயக்கியதால் அச்சொற்கள் தோன்றின என்பர்.

தம்மை அவர்கள் அழைத்துக்கொள்ளும் பெயர் ‘ரோம்’ என்பது. இதற்கு உரோமாபுரியோடும் ருமேனிய நாட்டோடும் யாதொரு தொடர்பும் இல்லை. வட இந்தியாவில் இசை, கூத்து, கைத்தொழில் ஆகியவற்றால் பிழைத்த ‘டோம்’ என்னும் சாதிப் பெயரே, நாவளை ஒலியாகிய டகரம் ரகரமாகத் திரிந்து ‘ரோம்’ ஆயிற்று. மேற்காசியாவில் சிரியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளிலுள்ள இனத்தார் இன்றும் ‘தோம்’ எனப்படுகின்றனர். ஆர்மீனியாவில் ‘லோம்’ என்னும் கூட்டத்தார் உளர். மூன்று பெயர்களும் ஒரே சொல்லின் மூன்று உருவங்கள்.

அயலார் இட்ட பெயர் எவ்வளவு தவறான வழியில் ஆராய்ச்சியை இழுத்துச் செல்லும் என்பதற்குத் தமிழர் ஐரோப்பா வரை செல்ல வேண்டுவதில்லை. ‘நரிக்குறவர்’ என்னும் பெயரைக் கண்டு, இவர்களைக் குறிஞ்சி நிலக் குறவரின் வழியினர் எனக் கருதுவோர் இன்றும் பலர். குறவர் திராவிட மொழி பேசுவோர். நரிக்குறவரின் தாய்மொழி இந்தோ-ஆரிய இனத்தது. இலங்கையில் ‘அகிகுண்டிகர்’ என்னும் பாம்பாட்டி மக்களை ஆங்கில ஏடுகள் ஜிப்ஸிகள் என எழுதுகின்றன; அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழர் அவர்களையும் குறவர் என்றே வழங்குவர். எகிப்தைக் காணாத மக்கள் எகிப்தியர் ஆனது போலவே, குறவர் அல்லாதார் குறவர் ஆயினர்.

மொழி காட்டிய வழி

ரொமானி மொழி இந்தியாவிலிருந்து சென்றது என்னும் உண்மை வெளிப்பட்டமை பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அதில் தென்னாட்டின் பெயரும் வருகிறது. ஹங்கேரியைச் சேர்ந்த வாலி இஷ்ட்வான் என்னும் சமயப் போதகர், ஹாலந்திலுள்ள லைடன் பல்கலைக்கழகத்தில் மலபார் மாணவர் மூவரோடு பழகி, அவர்களின் சொற்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை எழுதிக்கொண்டார் என்றும், தம் நாடு திரும்பி அவற்றை ஜிப்ஸிகளிடம் படித்துக் காட்டியபோது அவர்கள் பொருள் உணர்ந்தனர் என்றும் வியன்னாவின் பத்திரிகை ஒன்று 1776-இல் வெளியிட்டது. டச்சுக்காரர் காலத்தில் ‘மலபார் மொழி’ என்றால் மலையாளத்தையும் குறிக்கும், தமிழையும் குறிக்கும். இவ்விரண்டில் எதைப் படித்துக் காட்டியிருப்பினும் ரொமானி பேசுவோருக்கு ஒரு வாக்கியமேனும் விளங்கியிருக்க இயலாது. ஆதலின் இந்நிகழ்ச்சி சொல்லப்பட்டவாறே நடந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. இந்தியா என்று சுட்டிய விரல் சரியானது. சுட்டிய மூலைதான் தவறு.

முறையான ஒப்பீட்டை முதலில் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ருய்டிகர். 1782-இல் அவர் எழுதிய கட்டுரை, ஜிப்ஸிப் பெண் ஒருவரிடம் கேட்டறிந்த வாக்கியங்களை இந்துஸ்தானியோடு ஒப்பிட்டது. தனிச் சொற்களைக் கோத்துக் காட்டுவதோடு நில்லாமல் இலக்கண அமைப்பையும் ஒப்பிட்டமையே அவரது சிறப்பு. மறு ஆண்டில் வெளிவந்த கிரெல்மானின் நூல் இக்கருத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. அதன்பின் பாட், மிக்லோசிச் ஆகியோர் 19-ஆம் நூற்றாண்டிலும், டர்னர், சாம்ப்சன் ஆகியோர் 1926-இலும் இத்துறையை உறுதியான நிலைக்குக் கொணர்ந்தனர்.

அவர்கள் கண்ட முறையை ஆசிரியர் வகுப்பறையிலேயே விளக்கலாம். ரொமானியில் தண்ணீர் ‘பானி’, மனிதன் ‘மனுஷ்’, மூக்கு ‘நக்’, மயிர் ‘பால்’, பல் ‘தந்த்’. இந்தி அறிந்தவர்க்கு இவை அயலாகத் தோன்றா. ஆயினும் ஓசை ஒற்றுமை மட்டும் சான்றாகாது. இந்தியில் ‘கர்’ என ஒலிப்புடைய மூச்சொலியால் தொடங்கும் வீடு, ரொமானியில் ஒலிப்பற்ற மூச்சொலியோடு ‘கெர்’ ஆகிறது. வடமொழியின் ‘ப்ராதா’ அவ்வாறே ‘ப்ரல்’ ஆகிறது. புகையைக் குறிக்கும் ‘தூம’ என்னும் சொல்லும் இதே விதிப்படி திரிகிறது. மாற்றம் ஒரு சொல்லில் நிகழ்ந்து மற்றொன்றில் நிகழாது போவதில்லை. வரிசை முழுதும் ஒரே ஒழுங்கில் மாறுகிறது. உறவை மெய்ப்பிப்பது ஒற்றுமை அன்று, வேற்றுமையில் உள்ள இவ்வொழுங்கே.

கடன் சொற்கள் வேறொரு பணி செய்கின்றன. ரொமானியின் எண்ணுப்பெயர்களில் ஒன்று முதல் ஆறு வரையும், பத்தும் இந்தியச் சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை மட்டும் கிரேக்கம். நல்வாய்ப்பைக் குறிக்கும் ‘பக்த்’ பாரசீகம். குதிரையைக் குறிக்கும் ‘க்ராஸ்த்’ ஆர்மீனியம். சாலையும் நகரமும் குதிரை லாடமும் கிரேக்கப் பெயர்கள் தாங்குகின்றன. எழுத்தும் ஏடும் இல்லாத மக்கள் தங்கள் பயணத்தின் நாட்குறிப்பை நாவிலேயே எழுதி வைத்திருக்கின்றனர் எனலாம். பாரசீக நாட்டையும் ஆர்மீனிய நிலத்தையும் கடந்து, கிரேக்கம் வழங்கிய பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் தங்கிய பின்னரே இவர்கள் மேற்கே சென்றனர் என்பது இதனால் துணியப்படும். கிறித்தவரின் சிலுவைக்கு ‘திரிசூலம்’ என்பதன் திரிபையே இவர்கள் பெயராக வழங்குவது, இந்நாட்குறிப்பில் மிகச் சுவையான ஓர் ஏடு.

புறப்பட்ட காலத்தையும் இலக்கணம் ஓரளவு உணர்த்துகிறது. வடமொழியில் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என மூன்று இருந்தன. இந்தி முதலிய மொழிகளில் அலிப்பால் மறைந்து, அச்சொற்கள் ஏனைய இரண்டில் பகிரப்பட்டன. ரொமானியிலும் அவ்வாறே பகிரப்பட்டுள்ளன. பகிர்வின் போக்கும் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. அம்மாற்றம் நிகழ்ந்து முடிந்தது கி.பி. 1000-ஐ ஒட்டி எனக் கொள்ளப்படுவதால், அதற்குப் பின்னரே இம்மக்கள் இந்திய எல்லையை விட்டிருக்க வேண்டும் என்பது பலர் முடிபு. தொடக்கத்தில் இந்தி வழங்கும் நடுப்பகுதியைச் சேர்ந்திருந்து, பின்னர் வடமேற்கே சென்று பல நூற்றாண்டுகள் தங்கிய மொழி இது என்பது டர்னரின் ஆய்வு.

இதே அளவுகோலைப் பெங்களூரின் நாடோடி மக்கள் மொழிகளுக்கு வைத்துப் பார்த்தால் விடை எளிதில் கிட்டும். லம்பாணி எண்ணுப்பெயர்களில் கிரேக்கம் இல்லை. ஆர்மீனியக் கடன் சொற்கள் இல்லை. அவற்றின் இடத்தில் தெலுங்கும் கன்னடமும் மராத்தியும் கலந்துள்ளன. வாக்ரிபோலியை 1970-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக விரிவாக வெளியிட்ட சீனிவாச வர்மா, அதனை இந்தோ-ஆரிய மொழியாகவே நிறுவினார். அதற்கு நெருங்கிய குஜராத்தியில் மூன்று பால்களும் இன்றளவும் உள்ளன. ஆகவே இவர்களின் நாவும் ஒரு நாட்குறிப்பே. ஆனால் அதிலுள்ள பயணம் மேற்கு இந்தியாவினின்று தக்காணத்தின் வழியே தெற்கு நோக்கியது. ரொமானி மக்களோடு இவர்களுக்குள்ள மொழியுறவு, ஒரு தமிழனுக்குப் பலுசிஸ்தானத்தின் பிராகுயி பேசுவோரோடு உள்ள உறவைவிட நெருங்கியது. எனினும் தாய்-மகள் உறவு அன்று.

குடும்பப்பெயர் சொல்வதும் சொல்லாததும்

மேனாடுகளில் தம் முன்னோருள் ரொமானியர் உண்டோ எனத் தேடுவோர் முதலில் எடுப்பது குடும்பப்பெயரையே. இங்கிலாந்தில் லீ, கூப்பர், ஸ்மித், போஸ்வெல், ஹெர்ன், லவல், ஸ்டான்லி ஆகியவை ரொமானிக் குடும்பங்களிடையே மிகுதி. ஸ்பெயினில் எரேதியா, அமாயா, மொந்தோயா, வர்காஸ் ஆகியவை. ஹங்கேரியில் லகாதோஷ், கொலொம்பார், ஹொர்வாத் ஆகியவை. இப்பெயர்களில் ஒன்றேனும் இந்தியப் பெயர் அன்று என்பது கவனிக்கத்தக்கது. லகாதோஷ் என்பதற்குப் பூட்டுத் தொழிலாளி என்பது பொருள். ஹொர்வாத் என்றால் குரோவாஷிய நாட்டான். ஐரோப்பாவில் குடும்பப்பெயர் நிலைபெற்ற காலத்தில், தம்மைச் சூழ்ந்த மக்களின் பெயர்களையே இவர்களும் மேற்கொண்டனர். நிலக்கிழார் ஒருவரின் ஆதரவு பெற்றோர் அவரது பெயரையே தாங்கியதும் உண்டு.

இதனால் விளையும் இடர் தெளிவானது. ரொமானியருள் ஸ்மித் பலர் என்பது உண்மை. ஸ்மித் என்போருள் ரொமானியர் மிகச் சிலர் என்பதும் உண்மை. முதற்கூற்றைத் தலைகீழாக்கி ஒருவருக்கு முன்னோர் கற்பிப்பது தருக்கப் பிழை. வகுப்பிலுள்ள முருகன்கள் பெரும்பாலும் தமிழராக இருக்கலாம். அதனால் தமிழர் அனைவரும் முருகன் ஆகிவிடார்.

அரசாங்கங்களும் பெயரோடு விளையாடியிருக்கின்றன. ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் 18-ஆம் நூற்றாண்டின் நடுவே ஆண்ட மரியா தெரேசா, ஜிப்ஸி என்னும் பெயரையே விலக்கிப் ‘புதிய ஹங்கேரியர்’ என வழங்குமாறு ஆணையிட்டார்; பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியானவர் வீடுகளில் வளர்க்கவும் முயன்றார். ஸ்பெயினில் மூன்றாம் சார்லஸ் 1783-இல் கிதானோ என்னும் சொல்லையும் அவர்கள் மொழியையும் ஆடையையும் தடுத்தார். பல்கேரியாவில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் ரொமானியரின் பெயர்கள் வலுக்கட்டாயமாக மாற்றப்பட்டன. இத்தகைய இடங்களில் பதிவேட்டுப் பெயர் முன்னோரைக் காட்டாது, ஆணையிட்டவரைக் காட்டும்.

எனினும் பெயரே பயனற்றது எனத் தள்ளிவிடுவதும் சரியன்று. தம்முள் வழங்கும் பெயர்கள் பல செய்திகளை வைத்திருக்கின்றன. ஆங்கில ரொமானியருள் ஸ்மித் குடும்பத்தார் தம் மொழியில் ‘பெதுலெங்ரோ’ எனப்பட்டனர். அதன் அடி லாடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; விகுதியோ இந்திய மொழிகளின் ஆறாம் வேற்றுமையிலிருந்து வளர்ந்தது. பைசாந்தியத்தில் கற்ற தொழிலும் இந்தியாவில் பிறந்த இலக்கணமும் ஓர் ஆங்கிலக் கொல்லனின் பெயரில் சேர்ந்திருக்கக் காண்கிறோம். பிரிவுப் பெயர்களும் இவ்வாறே தொழிலை உணர்த்தும்: கல்தராஷ் செப்புக் கொப்பரை செய்வோர், லோவாரா குதிரை வாணிகர், உர்சாரி கரடி ஆட்டுவோர்.

முதற்பெயர் சில வேளைகளில் குடும்பப்பெயரினும் சிறந்த சான்று. இங்கிலாந்தின் தேவாலயப் பதிவேடுகளில் ரொமானிக் குழந்தைகளுக்குப் பிரிட்டானியா, ஓஷன், ஃப்ரீடம், கோலியாத் என அண்டை வீட்டார் இடாத பெயர்கள் காணப்படுகின்றன. ‘நீர்த்தேக்கம்’ எனப் பொருள்படும் ரிசர்வாயர்கூட ஒரு பெண்ணின் பெயராக வந்துள்ளது. இதற்கு இணையைப் பெங்களூர் அருகே பத்ராபுரத்தில் காணலாம். அங்குள்ள ஹக்கிப்பிக்கிப் பிள்ளைகள் காபி, மைசூர்பாக், ஹைகோர்ட், கூகிள், டாலர் என்றெல்லாம் பெயர் பெற்றிருப்பது பலமுறை செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. நகைப்புக்கு உரியதாக இது எழுதப்படுவது வழக்கம். நகரத்தோடு புதிதாகத் தொடர்பு கொண்ட மக்கள், கண்டு வியந்ததை அல்லது விரும்பியதைப் பிள்ளைக்குச் சூட்டுவது ஒரு பெயரிடு முறை, அவ்வளவே. ஆனால் இவ்வொற்றுமையைக் காட்டி இரு மக்களும் ஒரு குடியினர் என்று கூறினால் அது தவறு. ஒத்த வாழ்க்கை நிலை ஒத்த வழக்கத்தைத் தோற்றுவிக்கும்.

அதே மக்களின் உட்பிரிவுப் பெயர்களோ வேறு தன்மையன. குஜராத்தியா, மேவாரா, பன்வார், காளிவாலா என நான்கு குலங்கள் ஹக்கிப்பிக்கியரிடம் உள்ளன. முதலிரண்டும் குஜராத்தையும் மேவாரையும் சுட்டுகின்றன. மொழிச்சான்று காட்டும் திசையும் அதுவே. இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டும்போதுதான் பெயருக்கு எடை கூடுகிறது. லம்பாணியரின் ராத்தோட், பவார், சௌகான், ஜாதவ் முதலிய குலப்பெயர்கள் ராஜபுத்திரரிடையேயும் மராட்டியரிடையேயும் உள்ளவை. மேற்கு இந்தியத் தொடர்பை இவை வலியுறுத்துகின்றன. அரச மரபை மெய்ப்பிப்பதில்லை.

லம்பாணியரின் குடிபெயர்வுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. பொதிமாட்டு மந்தைகளில் தானியமும் உப்பும் ஏற்றிச் சென்று படைகளுக்கு வழங்கியோர் இவர்கள். 1791-இல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்துச் சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற காரன்வாலிஸ் படையும், 1799-இல் திப்பு சுல்தானை வீழ்த்திய படையும் இவர்களின் மாடுகளை நம்பியிருந்தன. ஆங்கிலேயர் குறிப்புகளில் ‘பிரிஞ்சாரி’ எனக் காண்போர் இவர்களே. இருப்புப்பாதை வந்தபின் பொதிமாடு வேலையிழந்தது. தாண்டாக்கள் வந்த இடத்திலேயே நின்றன. தாண்டாத் தலைவனுக்குரிய ‘நாயக்’ என்னும் பட்டம் பலருக்குக் குடும்பப்பெயர் ஆயிற்று. இங்கே பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எழுதுவோர் ஒரு கண்ணியைத் தாண்ட வேண்டியுள்ளது. கர்நாடகத்தில் வால்மீகி நாயகர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். லம்பாணியர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். கடற்கரை மாவட்டங்களில் நாயக் எனப் பெயர் கொண்டோர் வேறு பலர். பெயரை மட்டும் கண்டு சாதிக் கட்டத்தை நிரப்பிய எழுத்தரின் பிழையைத் திருத்த ஒரு மாணவன் பல ஆண்டுகள் அலைய நேரலாம். அதே லம்பாணியர் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் பழங்குடியினர் என்பதும் நினைவிற்குரியது.

பெயரொற்றுமையில் இன்னொரு கண்ணியும் உண்டு. கர்நாடகத்தில் கழைக்கூத்தாடிகள் ‘தொம்பரு’ எனப்படுகின்றனர். தெலுங்கில் ‘தொம்மர’, தமிழில் ‘தொம்பர்’. ரோம் என்பது டோம் என்பதிலிருந்து வந்ததாயின் பெங்களூர்த் தெருவில் கழை நடுபவர் ரொமானியரின் உடன்பிறந்தார் ஆகாரோ எனக் கேட்கலாம். வடநாட்டு நூல்களில் டோம், டோம்ப என்னும் பெயர் பாடகர், கூத்தர், சுடுகாட்டு வேலையாளர் எனப் பலருக்கும் வழங்கியது. 11-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனியும் வருணங்களுக்குப் புறம்பானவருள் டோம் என்போரைக் குறிக்கிறார். அது ஒரு குருதிவழியின் பெயர் என்பதைவிட ஒரு சமூக நிலையின் பெயர் என்பதே பொருத்தம். அப்பெயரைத் தாங்கிய அனைவரும் ஒரு தாய் வயிற்றினர் எனல், கொல்லர் அனைவரும் பங்காளிகள் எனல் போலாம்.

குருதிவழிச் சான்று

கடந்த கால் நூற்றாண்டில் மரபணு ஆராய்ச்சி இத்துறையில் புகுந்துள்ளது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், தந்தைவழி மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமில் ஆசிய வகை ஒன்று ரொமானி ஆடவருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடமும், தாய்வழி இறங்கும் ஆசிய வகை ஏறத்தாழ 26 விழுக்காட்டினரிடமும் இருப்பது காணப்பட்டது. பிறப்பிலேயே தசைத் தளர்ச்சியை உண்டாக்கும் ஒரு மரபணுத் திடீர்மாற்றம் ரொமானியரிடமும், இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களிடமும் ஒரே பின்னணியோடு காணப்படுவது மற்றொரு வலிய சான்று. ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள் பங்குகொண்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வு, எம்82 எனக் குறிக்கப்படும் ஒய் குரோமோசோம் வகையை ஒப்பிட்டு, வடமேற்கு இந்தியாவின் தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகங்களோடு ரொமானியரின் நெருக்கத்தைக் காட்டியது.

அதே ஆண்டின் வேறோர் ஆய்வு, ஒரு சிறு கூட்டம் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாக மதிப்பிட்டது. மொழி சொல்லும் கணக்கோ 1000 ஆண்டை ஒட்டியது. இவ்விரண்டும் முரண்படுவன போலத் தோன்றினும், அளக்கப்படும் பொருள் வேறு. ஒரு கூட்டம் தன்னுள்ளேயே மணம் செய்துகொண்டு பிறரிடமிருந்து விலகிய நாளை மரபணு அளக்கிறது. எல்லை கடந்த நாளை அளப்பதில்லை. விலகியபின் ஐந்நூறு ஆண்டுகள் பஞ்சாபிலேயே இருந்திருப்பினும் கணக்கு தவறாகாது.

களப்பணியாளர் கருதவேண்டிய மற்றொன்று: எம்82 வகை தென்னிந்தியாவிலும் பரவலாக உள்ளது. பெங்களூரில் ஒருவருக்குச் சோதனையில் அது காணப்பட்டால் அவர் இந்தியர் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. லண்டனில் வாழும் ஓர் ஆங்கிலேயருக்கு அது காணப்பட்டால், ரொமானி முன்னோர் ஒருவர் இருந்திருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னையிலோ கல்கத்தாவிலோ மணம் செய்த பாட்டன் ஒருவரும் இருந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியப் பதிவேடுகளே துணை: ஞானஸ்நான ஏட்டில் ‘ஊரற்றவர்’ என்னும் குறிப்பு, மக்கட்தொகைக் கணக்கில் கூடாரத்தில் வாழ்ந்த செய்தி, தந்தை கூடை முடைபவர், கத்தி சாணை பிடிப்பவர் எனத் தலைமுறைதோறும் வரும் தொழிற்பெயர், உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊரில் பிறந்தமை. இவை பல கூடிய இடத்தில் முடிபு வலுப்பெறும்.

பட்டியலின் வரலாறு

முன்னோரைத் தேடுவது தீங்கற்ற பொழுதுபோக்காக எப்பொழுதும் இருந்ததில்லை. 1936-இல் பெர்லினில் ஜெர்மானிய அரசின் சுகாதாரத் துறையைச் சார்ந்து ராபர்ட் ரிட்டர் என்னும் மருத்துவர் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். அவருடைய உதவியாளர் முகாம்தோறும் சென்று பெயர்களைக் கேட்டனர். தேவாலய ஏடுகளைப் புரட்டினர். முகத்தையும் தலையையும் அளந்தனர். வம்ச விருட்சங்கள் வரைந்தனர். ரொமானி மொழி பேசக் கற்றுக்கொண்டு அன்போடு பழகியோரும் அவருள் இருந்தனர். ஏறத்தாழ 24,000 பேருக்கு ‘ஜிப்ஸி’, ‘கலப்பு ஜிப்ஸி’ எனச் சான்று எழுதப்பட்டது. 1942 டிசம்பர் 16-ஆம் நாள் ஆணையின்படி ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டோரைப் பிரித்தெடுக்க அவ்வேடுகளே பயன்பட்டன. 1944 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவில் அங்கிருந்த ரொமானிக் குடும்ப முகாம் அழிக்கப்பட்டது. போர்க் காலத்தில் ஐரோப்பாவில் கொல்லப்பட்ட ரொமானியர் இரண்டரை இலட்சத்துக்குக் குறையார். ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்பர்.

இந்தியாவிலும் ஒரு பட்டியல் இருந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், குறித்த சாதியில் பிறந்தமையையே குற்றமாக்கிற்று. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பதிவு பெற்றோரிடம் கைரேகை வாங்கப்பட்டது. காவல் நிலையத்தில் வருகை கொடுக்காமல் ஊர் மாறுவது தண்டனைக்கு உரியதாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடெங்கும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் அச்சட்டம் நீங்கியது. நீங்கிய பின்னும் முதியோர் பலர், அரசாங்கத்திலிருந்து எவரேனும் வந்து பாட்டன் பெயரைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வதுண்டு. ஐரோப்பாவிலும் ரொமானியர் புறத்தாரிடம் ஒரு பெயரும் உள்ளே வேறொரு பெயரும் வைத்துக்கொள்வர். கணக்கெடுப்பவர் இதனைப் பொய் எனக் குறித்தல் ஆகாது.

விரும்பி ஏற்கும் உறவு ஒன்றும் இதற்கு நேர்மாறாக வளர்ந்துள்ளது. 1971 ஏப்ரலில் லண்டன் அருகே கூடிய உலக ரொமானி மாநாடு, நீலமும் பச்சையும் கொண்ட கொடியின் நடுவே சிவந்த சக்கரத்தை உறுதிசெய்தது. அதற்கு 16 ஆரங்கள். அசோக சக்கரத்துக்கு 24. இந்திய அயல்நாட்டுப் பணியில் இருந்த வீர் ராஜேந்திர ரிஷி சண்டிகரில் ரொமானி ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். 1976-இலும் 1983-இலும் அந்நகரில் ரொமானியர் கூடினர். லம்பாணித் தலைவர்களுள்ளும் இவ்வுறவைப் பெருமையோடு பேசுவோர் உளர். இத்தகைய உறவு அரசியலிலும் பண்பாட்டிலும் பயன் தரலாம். பதிவேட்டில் சான்றாக எழுதத் தக்கதன்று.

ஆதலின் பெங்களூர்ச் சுற்றுப்புறத்தில் பணிபுரிவோர் சில நெறிகளைக் கைக்கொள்வது நலம். குடும்பம் சொல்லும் பெயரைச் சொன்னவாறே எழுதி, அயலார் வழங்கும் பெயரைத் தனியே குறிக்கலாம். குலப்பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டு விடாமல், அது திருமண உறவை வரையறுக்கும் பெயரா என வினவலாம். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழர்க்குக் குடும்பப்பெயர்க் கட்டம் தரும் தொல்லை புதிதன்று. ஆகவே இத்தொல்லையை எளிதில் உணர்வர். வீட்டு மொழி என்னும் கட்டத்தில் கன்னடம் என எழுதிவிடுவது இலகு. வாக்ரிபோலி என எழுதினால் அக்குழந்தை முதல் வகுப்பில் அயல்மொழியில் பாடம் கேட்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியவரும். ‘ஜிப்ஸி’ என்னும் சொல்லுக்குச் சேர்க்கைப் படிவத்தில் இடமே இல்லை. தமிழ்நாட்டு நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர். கர்நாடகத்தில் ஹக்கிப்பிக்கியர் முன்னரே அப்பட்டியலில் உள்ளனர். மாநில எல்லையைக் கடந்து மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இவ்வேறுபாட்டால் சான்றிதழ்ச் சிக்கல்கள் எழுகின்றன.

இம்மக்களின் குடிபெயர்வும் முடிந்துபோன வரலாறு அன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபின் வேட்டை அற்றுப்போகவே, ஹக்கிப்பிக்கியர் மூலிகை எண்ணெயும் மருந்தும் விற்கத் தலைப்பட்டு, ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்கின்றனர். 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கே சிக்கிய இந்தியருள் கர்நாடகத்தின் ஹக்கிப்பிக்கியர் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ‘காவேரி’ நடவடிக்கையின் மூலம் தாயகம் மீட்கப்பட்டனர். கடல் கடந்த ஊர்களின் சொற்கள் சில வாக்ரிபோலியில் புகுந்துள்ளனவா என்பதை இக்குடியிருப்புகளில் இப்பொழுதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.